காந்தத்துக்கு வராதது

காலை ஆறரைக்குப் பார்த்தபோது மகள் மறுபடியும் கட்டிலில் குறுக்கே படுத்திருந்தாள்.

இரவு அம்மா அவளை நேராகத்தான் படுக்க வைத்திருந்தாள். இப்போது கால்கள் கட்டிலுக்கு வெளியே தொங்கின. உச்சந்தலை பின்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டுக்கொண்டு என்பது சரியில்லை. அழுத்திக்கொண்டு. சுவரின் சுண்ணாம்பு முடியில் அப்பியிருந்தது.

அவள் குழந்தையைத் தூக்கி நேராக்கினாள். ஏழு வயதுக்கு அதிகமான கனம். தூக்கக் கனம் என்று நினைத்துக்கொண்டாள். போர்வையைப் போர்த்திவிட்டுத் திரும்புவதற்குள் பின்னால் துணி உரசும் சத்தம் கேட்டது. மகள் கண் திறக்காமல், கைகால் அசைக்காமல், மெல்ல, முழு உடம்பாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறியா?"

கணவன் வாசலில் நின்றான். கம்பெனி வண்டியை இரவெல்லாம் ஓட்டிவிட்டு வந்த முகம்.

"புழுக்கம். சுவரு ஜில்லுன்னு இருக்கு. அதான் அங்க போறா."

"எல்லாத்துக்கும் ஒரு காரணம் வெச்சிருக்க."

அவன் சமையலறைக் குழாயைத் திறந்து, தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தான். கையை உதறினான். வண்டியிலிருந்து கொண்டுவந்த கேன் தண்ணீரைத்தான் குடித்தான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"துரு நாத்தம். எத்தனை தடவை சொல்றது?"

"நான் டெஸ்ட் பண்ணிட்டேன்."

"எதை வெச்சு? அந்தக் காந்தத்தை வெச்சா?"

"உங்க மூக்கை வெச்சுப் பண்ணணுமா?"

அவள் சோதித்திருந்தாள். கண்ணாடி டம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, பக்கத்தில் காந்தத்தை வைத்துக் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. வரவில்லை என்றால் இல்லை. அவளுடைய வேலையில் அதுதான் கணக்கு.

மகள் எழுந்து வந்தாள். கையில், அம்மா வேலை செய்யும் பட்டறையிலிருந்து கொண்டுவந்த உடைந்த காந்தத் துண்டு. அம்மாவின் வேலையைப் பார்த்துப் பார்த்து அவள் ஒரு விளையாட்டு உண்டாக்கியிருந்தாள். வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளிலும் காந்தத்தை வைப்பாள். கத்தி வருது. பூட்டு வருது. டம்ளர் வரலை. சோப்பு டப்பா வரலை. வராததையெல்லாம் வாளியில் போட்டு, "ஊத்திடவா?" என்று கேட்பாள். ஊத்து என்று யாராவது சொன்னால் வாளியைக் கவிழ்ப்பாள்.

காந்தத்தை அப்பாவின் மணிக்கட்டில் வைத்தாள். கையை எடுத்தாள். துண்டு கீழே விழுந்தது.

"அப்பா வரலை. ஊத்திடவா?"

"ஊத்து ஊத்து. உங்கம்மாவுக்கும் அதான் ஆசை."

மகள் சிரித்தாள். துண்டை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள். கையை எடுத்தாள். துண்டு அங்கேயே நின்றது.

"நான் வந்துட்டேன்."

அம்மா போய் அதைப் பிய்த்தெடுத்தாள். பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது.

"வேர்வை," என்றாள். "வேர்த்த உடம்புல காசுகூட ஒட்டும்."

கணவன் மகளின் கன்னத்தைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். "சாயங்காலம் லோடு இறக்கிட்டு வர்றேன். இவளை எங்க அக்கா வீட்ல கொண்டுபோய் விடப்போறேன். துணிமணி எடுத்து வை."

"அவ எங்கயும் வரமாட்டா."

"உன்னைக் கேக்கலை."

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. மகளின் பென்சில் கட்டிலடியிலிருந்து உருண்டு வந்தது. யாரும் தொடவில்லை. பின்சுவர் ஓரத்திலிருந்து கூடத்தைத் தாண்டி, வாசற்படிவரை ஒரே சீராக உருண்டு, படியில் இடித்து நின்றது. நேற்றுவரை அந்தத் தரை சமமாக இருந்தது.

அவள் பென்சிலை எடுத்துப் பையில் வைத்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பினாள்.

வீட்டுக்கும் பட்டறைக்கும் முதுகோடு முதுகு. நடுவில் கைநீட்டும் அகலத்துக்கு ஒரு சந்து. சந்தில் சிமெண்ட் மூடி போட்ட உறிஞ்சுகுழி. பட்டறையின் கழுவும் தொட்டியிலிருந்து கழிவு நீர் அதில்தான் இறங்கும். போர்குழாய் சந்தின் கோடியில். பட்டறைக்கும் வீட்டுக்கும் ஒரே தண்ணீர்.

பட்டறையில் அவர்கள் செய்வது ஒரு கறுப்பு. இரண்டு விதமான இரும்பு உப்பைத் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கி, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால், பழுப்பாக இருக்கும் திரவம் ஒரு கணத்தில் கறுத்துவிடும். கண் எரியும். மூக்கில் நீர் இறங்கும். கறுத்ததும் அது இரும்பு உப்பு இல்லை. காந்தத்தைப் பார்த்தால் ஓடிவரும் துகள். கண்ணுக்குத் தெரியாத அளவு. பொட்டலத்தில் நானோ துகள் என்று அச்சடித்திருக்கும். கிணற்றில் விஷம் ஊறிய ஊர்களுக்குப் போகும். குடத்துத் தண்ணீரில் கலக்கினால் கறுப்பு போய் விஷத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் காந்தத்தைக் காட்டினால் விஷத்தோடு சேர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும். மிச்சம் நல்ல தண்ணீர்.

செய்ததைக் கழுவ வேண்டும். பீக்கரின் பக்கத்தில் சோப்புக்கட்டி அளவுக் காந்தத்தை வைத்தால் கறுப்பு கண்ணாடியில் ஏறி அப்பிக்கொள்ளும். பீக்கரைச் சாய்த்தால் வந்தது நிற்கும், வராதது ஊற்றிக்கொண்டு போகும். காந்தத்தை வைக்கும்போது எல்லோரும் வாய்க்குள் "வா, வா" என்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு மாதத்தில் தானாக வந்துவிடும் பழக்கம்.

வராததில் மிகச் சின்னவை இருக்கும். காந்தத்துக்கு அடங்காத அளவுக்குச் சின்னவை. எலுமிச்சை உப்புப் பூசிய துகள் என்றால் கேட்கவே வேண்டாம்; எத்தனை நாளானாலும் மிதந்துகொண்டே இருக்கும். தண்ணீரில் லேசான தேநீர் நிறம் இருக்கும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரை நீல டிரம்மில் ஊற்றி, சமையல் உப்புப் போட்டு ஒரு நாள் விட வேண்டும் என்பது விதி. உப்புப் பட்டால் சின்னவை ஒன்றோடொன்று சேரும். சேர்ந்தால் வரும். முதலாளி எட்டிப் பார்ப்பார். "தெளிவா இருக்குல்ல? ஊத்து." நீல டிரம்மில் இப்போது துடைப்பம் இருக்கிறது.

ஊற்றியது எல்லோரும்தான். அவளும்தான்.

"என்ன மேடம், காலையிலேயே வீட்ல கச்சேரியா?"

ஊசி. பட்டறையில் வைத்த பெயர். மெலிந்த உடம்பு, குத்தும் வாய். தனக்கு வர வேண்டிய பதவி இவளுக்கு வந்ததிலிருந்து மேடம் என்ற சொல்லை ஊசி ஒருமாதிரி உச்சரிப்பாள்.

"உங்க வேலையைப் பாருங்க அக்கா."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நேத்து நைட் ஷிப்ட். உங்க பொண்ணு என்ன, தூங்கவே தூங்காதா? விடிய விடிய சுவத்தைத் தட்டிக்கிட்டே இருக்கு."

"அவ தூங்கினா."

"அப்ப நீங்க தட்டினீங்களா?"

அவள் பீக்கரை மேசையில் வைத்து இடப்பக்கம் காந்தத்தைக் காட்டினாள். கறுப்பு எழுந்து இடப்பக்கக் கண்ணாடியில் அப்பியது. நுனியில் சின்னச் சின்ன முட்கள். அவள் சாய்ப்பதற்காகக் கை வைத்தாள். முட்கள் படுத்துக்கொண்டன. கறுப்பு காந்தத்தை விட்டது. கூட்டமாகக் கலைந்து, தண்ணீரைக் குறுக்கே கடந்து, வலப்பக்கக் கண்ணாடியில் ஏறியது. அந்தப் பக்கம் காந்தம் இல்லை. தொட்டி இருந்தது. தொட்டிக்குப் பின்னால் சுவர்.

ஊசி எட்டிப் பார்த்தாள்.

"உங்ககிட்ட யாருதான் மேடம் நிப்பாங்க?"

அவள் காந்தத்தை ஒரு ஸ்பேனரில் வைத்துப் பார்த்தாள். கவ்விக்கொண்டது. காந்தத்தில் குறையில்லை.

வடிந்த நீரைத் தொட்டியில் ஊற்றினாள். உடனே இறங்கவில்லை. ஓட்டையைச் சுற்றி நின்றது. கீழே, குழாயின் ஆழத்தில், தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். அப்புறம் எல்லாவற்றையும் ஒரே மிடறாக இழுத்துக்கொண்டது.

துரு நாற்றம். கணவன் சொன்ன நாற்றம். அம்மோனியாவின் அடியில், ஈரச் சங்கிலியின் நாற்றம். இத்தனை நாளும் இது இங்கே இருந்ததா, அவளுக்குத் தெரியவில்லை.

மதியம் வீட்டுக்குப் போய்க் குழாய்த் தண்ணீரை ஒரு குடுவையில் பிடித்துவந்தாள். நீல டிரம்முக்கடியில் கட்டுப் பிரிக்காத உப்பு மூட்டை. பிரித்து, ஒரு கை அள்ளிப் போட்டுக் குலுக்கி, ஜன்னல் ஓரம் வைத்தாள். முதலாளி பொட்டலம் கட்டக் கூப்பிட்டார். போனாள். அவளுக்குக் கணவன் சொன்னது பொய் என்று காட்ட வேண்டும். சாயங்காலம் அவன் வரும்போது இந்தத் தண்ணீரை முகத்துக்கு நேரே பிடித்துக் காட்ட வேண்டும். அது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது.

குடுவையில் கறுப்பு.

கொஞ்சம் இல்லை. விரல்கடை கனம். அடியில் படியவும் இல்லை. ஒரு பக்கச் சுவரில் ஏறி நின்றது. பக்கத்தில் காந்தம் எதுவும் கிடையாது. அவள் குடுவையைத் திருப்பி வைத்தாள். கறுப்பு கண்ணாடியை ஒட்டி எறும்புச் சாரி போலச் சுற்றி வந்து, பழைய திசையிலேயே நின்றது.

சந்தின் திசை.

காலையில் பீக்கரில் போனதும் அந்தப் பக்கம்தான். பட்டறையிலிருந்து பார்த்தால் மேற்கு. வீட்டில் மகள் தலை போனது கிழக்குச் சுவருக்கு. எதிரெதிர்த் திசைகள். நடுவில் அந்தக் குழி.

இத்தனை வருஷம் ஊற்றியதெல்லாம் எங்கே போயிற்று என்று அவள் கேட்டதே இல்லை. அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து போர்குழாய்க்கு. அங்கிருந்து வீட்டுக்கு. டம்ளருக்கு. மகளின் வாய்க்கு.

காந்தத்துக்கு வராது. உப்புப் பட்டால் சேரும். சேர்ந்தால் வரும்.

வியர்வையில் உப்பு. கண்ணீரில் உப்பு. ரத்தத்தில் உப்பு.

"அக்கா," என்றாள். "அக்கா, குழாய்த் தண்ணியைக் குடிக்காதீங்க."

ஊசி தொட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. குழாய் திறந்தபடி ஓடியது. நெற்றி சுவரில் இருந்தது. இரண்டு உள்ளங்கையும் சுவரில் இருந்தன.

"அக்கா."

"சத்தம் போடாதீங்க மேடம்." கேலி இல்லாத குரல். அவளிடம் ஊசி அப்படிப் பேசியதே கிடையாது. "கூப்பிடுது."

"யாரு?"

"நாம கூப்பிடுற மாதிரியேதான் கூப்பிடுது."

ஊசியின் வலது காது சுவரில் மடங்கி நசுங்கியிருந்தது. தோள்பட்டை, இடுப்பு, முழங்கால், எல்லாம் ஒரே தட்டையாக. கண்ணாடியில் ஏறிய கறுப்பு போல. அவள் ஊசியின் கையைப் பிடித்து இழுத்தாள். கை கொஞ்சம் வந்தது. விட்டதும் சுவரில் போய் அறைந்துகொண்டது. ஊசி வலியென்று சொல்லவில்லை. வாய்க்குள் முணுமுணுத்தாள்.

"வா. வா."

அவள் ஓடினாள்.

பட்டறையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். சந்து வழியாகப் போனால் குறுக்குவழி. சந்து வாயில் அவள் கால்கள் தாமாகத் திரும்பின. நின்றாள். உள்ளே சிமெண்ட் மூடி தெரிந்தது. மூடியின் ஓரத்தைச் சுற்றி ஈரம். மணலில் கறுப்பு முட்கள் எழுந்து நின்றன, பீக்கரில் நிற்பது போல, ஆனால் புல் உயரத்துக்கு. காற்று இல்லை. எல்லாம் அவள் பக்கம் சாய்ந்தன.

பல் கூசியது. நாக்கு கனத்தது.

சுற்றுவழியில் ஓடினாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. படியேறும்போது மூச்சு வாங்கியது. படி செங்குத்தாக இருந்தது. கூடத்துக்குள் நுழைந்தும் ஏறிக்கொண்டே இருந்தாள். வாசலருகே பொருட்கள் குவிந்து கிடந்தன. டம்ளர். சோப்பு டப்பா. மகளின் செருப்பு. பிளாஸ்டிக் பொம்மை. வாளியில் தண்ணீர் வாசல் பக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டும், அந்தப் பக்கம் ஒரு சாண் இறங்கியும் நின்றது.

கத்தியைக் காணோம். பூட்டைக் காணோம்.

அறைக்குள் வெளிச்சம் குறைவு. பின்சுவரில் கத்தி, பூட்டு, ஆணிகள், ஜன்னல் கொக்கி. நடுவில் மகள். பள்ளிச் சீருடையோடு. முகம் சுவரில். பாதம் தரையில் இல்லை.

"குட்டி."

"அம்மா வந்துட்டியா?"

சாதாரணக் குரல். விளையாட்டுக்கு நடுவில் கேட்கும் குரல்.

அவள் மகளின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தாள். ஒரு விரல்கடை வந்தது. திரும்பப் போயிற்று. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். மகள் வீறிட்டாள். இழுத்ததுதான் வலித்தது போல, ஒட்டியிருப்பது அல்ல. அவள் பிடியைத் தளர்த்தினாள். வீறிடல் நின்றது.

அவளுக்கு அழுகை வந்தது. கண்ணீர் கீழே விழவில்லை. கன்னத்தில் இறங்காமல் பக்கவாட்டில் ஓடி, காற்றில் நீண்டு, சுவரில் போய் விழுந்தது. தேநீர் நிறம்.

அப்போதுதான் நினைவு வந்தது. அவளும் அதே தண்ணீரைக் குடித்தவள்தான்.

கன்னம் சுவரைத் தொட்டது. சுவர் ஜில்லென்று இருந்தது. காலையில் அவளே சொன்னது. நன்றாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. தோள் ஒட்டியது. இடுப்பு. முழங்கால்.

சுவருக்கு அந்தப் பக்கம், மிக அருகில், பல குரல்கள் ஒரே அளவில். அதில் ஒன்று ஊசியுடையது.

வா. வா.

வெளியே வண்டி நின்றது.

காலையில் அவன் கேட்டபோது மகளை அனுப்பியிருக்கலாம். துணிமணியோடு. பென்சிலோடு. இப்போது அவன் வராமல் இருந்தால் போதும். திரும்பிப் போனால் போதும். அவள் கத்தினாள். வாய் சுவரில் இருந்தது. சத்தம் சுவருக்குள் போயிற்று.

"துணி எடுத்து வெச்சியா இல்லையா?" கூடத்தில் அவன் குரல். ஏதோ காலில் தட்டுப்படும் ஓசை. "என்ன வீடு இது? ஏன் எல்லாம் கொட்டிக் கிடக்கு?"

அறை வாசலில் அவன் வந்து நின்றான். ஒரு கண்ணால் அவளுக்குத் தெரிந்தது.

அவன் ஓடிவந்து மகளைப் பிடித்தான். இழுத்தான். இழுத்த வேகத்தில் கால் வழுக்கியது. எழுந்தான். மறுபடி வழுக்கியது. கட்டிலின் காலைப் பிடித்தான். கட்டில் நகர்ந்தது.

வீடு சாய்ந்துகொண்டிருந்தது.

மெல்ல. பழகிய கை சாய்ப்பது போல. சிந்தாமல்.

வாளி கவிழ்ந்தது. தண்ணீர் வாசல் பக்கம் போயிற்று. கட்டில் போயிற்று. அவன் அறைக்கதவின் நிலையைப் பிடித்துத் தொங்கினான். அவனுக்குக் கீழே கூடம். கூடத்துக்குக் கீழே வாசல். வாசலில் தெரு இல்லை. வண்டி இல்லை. வட்டமான இருட்டு. அதன் ஆழத்தில் ஒரு செருமல்.

அவன் அவளைப் பார்த்தான். "ஏய்," என்றான். "ஏய், கையைக் குடு."

கை இருந்தது. அவளால் சுவரிலிருந்து எடுக்க முடியவில்லை.

பக்கத்தில் மகள் முகத்தைக் கொஞ்சமாகத் திருப்பினாள். கன்னம் தட்டையாக இருந்தது. வெளியே இருந்த ஒரு கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். அவன் விரல்கள் நிலையில் ஒவ்வொன்றாக நழுவுவதைப் பார்த்தாள்.

"அப்பா வரலைம்மா," என்றாள். "ஊத்திடவா?"